ஆர்த்தாங்க் மருத்துவப் படக் காப்பகம் லினக்ஸில் இயங்க மறுத்தால்: கோளாறு கண்டறியும் வழிமுறை

சிடி, எம்ஆர்ஐ, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் ஆகிய கருவிகள் எடுக்கும் படங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, மருத்துவரின் கணினி கேட்கும்போது திருப்பித் தரும் சேவையகத்தை நிறுவப் பெரும் பணம் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் செபாஸ்டியான் ஜொடோன் 2011இல் எழுதத் தொடங்கி, 2012இல் முதன்முதலாக வெளியிட்ட ஆர்த்தாங்க் என்னும் கட்டற்ற மென்பொருள் அந்நிலையை வெகுவாக மாற்றியது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் கிடைக்கும் இம்மென்பொருள், சாதாரண மேசைக் கணினியிலும் இயங்கும் அளவுக்கு எளிமையானது. நிறுவுவதற்கு ஒரே கட்டளை போதும். ஆனால், நிறுவியபின் ஸ்கேன் அறையிலிருந்து படம் வந்து சேராதபோது எங்கே தேடுவது என்பதுதான் புதியவர்களைத் திணறடிக்கும் கேள்வி. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு மட்டும் விடை தருகிறது.

டெபியன், உபுண்டு ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்தே இங்குள்ள அடைவுப் பெயர்களும் கட்டளைகளும் தரப்பட்டுள்ளன. கட்டளைகளைத் தமிழெழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருப்பதால், முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், தனியாகச் சொல்லாத இடங்களில் சிறிய எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். அமைவுப் பெயர்களில் மட்டும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும்.

தேடும் வரிசையே இங்கு முக்கியம். சேவை இயங்குகிறதா, அதே கணினியில் அதன் போர்ட் (வலையமைப்பு வாயில்) பதில் சொல்கிறதா, வேறு கணினியிலிருந்து எட்டுகிறதா, பெயர்கள் பொருந்துகின்றனவா, படம் உள்ளே போகிறதா, போன படம் திரும்பி வருகிறதா என்று இந்த வரிசையில் ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டே மேலே செல்ல வேண்டும். கீழ்ப்படி உறுதியாகாமல் மேற்படியில் கைவைப்பவர்கள், ஃபயர்வாலில் இருக்கும் சிக்கலுக்காக அமைவுக் கோப்பை மாற்றி, இல்லாத கோளாறு ஒன்றைப் புதிதாக உண்டாக்கிவிடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்து, அதன் விளைவைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது மெதுவாகத் தோன்றினாலும், முடிவில் நேரத்தை மிச்சப்படுத்துவது அதுவே.

எது நிறுவப்பட்டுள்ளது என்பதை முதலில் அறிதல்

'சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஆர்த்தாங்க்' என்ற கட்டளையால் நிறுவினால், அமைவுக் கோப்புகள் '/எட்சி/ஆர்த்தாங்க்' அடைவிலும், படங்களும் அவற்றின் அட்டவணையும் '/வார்/லிப்/ஆர்த்தாங்க்' அடைவின் கீழும், நிகழ்வுகளைப் பதியும் லாக் கோப்புகள் '/வார்/லாக்/ஆர்த்தாங்க்' அடைவிலும் அமையும். சேவை 'ஆர்த்தாங்க்' என்ற தனிப் பயனர் பெயரில் இயங்கும். இணைய முகப்புக்கு 8042, படப் பரிமாற்றத்துக்கான டைகாம் நெறிமுறைக்கு 4242 என்பவை இயல்பு போர்ட் எண்கள். இவை வெவ்வேறு வாயில்கள். ஒன்று திறந்திருப்பதால் மற்றதும் திறந்திருக்கும் என்று எண்ணக் கூடாது.

லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்தில் உள்ள பதிப்பு சில வேளைகளில் பழையதாக இருப்பதால், ஆர்த்தாங்க் குழு நேரடியாகத் தரும் இயங்கு கோப்பையோ மென்பொருளைத் தனிக் கொள்கலனில் அடைத்து இயக்கும் டாக்கர் கருவிக்கான படிமத்தையோ சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த வழியும் சரியே. ஆனால் ஒரே கணினியில் இரண்டு வழிகளையும் கலந்தால், பழைய சேவை பின்னணியில் இயங்கிக்கொண்டிருக்க, புதியது போர்ட் கிடைக்காமல் நின்றுபோகும். 'பிஎஸ் ஆக்ஸ்' கட்டளையின் விடையில் ஆர்த்தாங்க் எத்தனை முறை தோன்றுகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

சோதனைக்கு நோயாளியின் உண்மையான படங்களைப் பயன்படுத்த வேண்டாம். பொதுப் பயன்பாட்டுக்காகப் பெயர் நீக்கி வெளியிடப்பட்டுள்ள மாதிரி டைகாம் கோப்புகளையோ, ஸ்கேன் கருவியில் தண்ணீர் நிரப்பிய சோதனை உருளையை வைத்து எடுத்த படத்தையோ பயன்படுத்தினால் போதும்.

சேவை தொடங்கவே இல்லை என்றால்

'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஆர்த்தாங்க்' என்று கேளுங்கள். இயங்குகிறது என்று பதில் வந்தால் இப்பகுதியைக் கடந்துவிடலாம். தோல்வி என்று வந்தால், 'சூடோ ஜர்னல்சிடிஎல் -யு ஆர்த்தாங்க் -என் 50' என்ற கட்டளை கடைசி ஐம்பது வரிகளைக் காட்டும். அதில் போதிய விவரம் இல்லையெனில், லாக் அடைவில் மிக அண்மைய கோப்பைத் திறந்து, அடியிலிருந்து மேலாக அல்லாமல், கடைசித் தொடக்கத்தின் முதல் வரியிலிருந்து கீழ்நோக்கிப் படியுங்கள். உண்மையான காரணம் முதல் பிழை வரியில் இருக்கும். அதன்பின் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

புதியவர்கள் சந்திக்கும் காரணங்களில் அமைவுக் கோப்பின் எழுத்துப் பிழைக்கே முதலிடம். அமைவு, பெயரையும் மதிப்பையும் இணைகளாக எழுதும் ஜேசன் என்னும் உரை வடிவில் எழுதப்படுகிறது. ஒரு வரியின் முடிவில் காற்புள்ளி விடுபட்டால் சேவை தொடங்காது; கடைசி வரிக்குப்பின் தேவையற்ற காற்புள்ளி இருந்தாலும் தொடங்காமல் போகலாம். இவற்றைவிடக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத பிழை மேற்கோள் குறியில் வருகிறது. அமைவு வரியை ஒருவர் வாட்சப்பிலோ சொற்செயலியிலோ அனுப்பி, மற்றவர் அதை அப்படியே ஒட்டும்போது, நேரான இரட்டை மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஜேசனுக்கோ வளைந்த குறி வெறும் குப்பை. ஐயம் வந்தால் அந்த வரியை அழித்துவிட்டு, முனையத்தின் தொகுப்பானிலேயே கையால் தட்டச்சு செய்வது நல்லது. பைத்தானுடன் வரும் ஜேசன் சரிபார்ப்புக் கருவியை இக்கோப்பின்மீது ஏவுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ஆர்த்தாங்க் தன் அமைவில் சாய்கோடுகளால் தொடங்கும் குறிப்புரைகளை அனுமதிக்கிறது, பொதுவான ஜேசன் கருவிகளோ அவற்றைப் பிழை என்று தள்ளிவிடும். எனவே அக்கருவி பிழை காட்டுவதால் மட்டும் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது காரணம், நல்ல பழக்கத்திலிருந்தே பிறப்பது. கோப்பை மாற்றும்முன் ஒரு நகல் எடுத்து வைப்பவர், அதற்கு 'ஆர்த்தாங்க்-பழையது.ஜேசன்' என்பது போன்ற பெயரிட்டு அதே அடைவில் விட்டுவிடுகிறார். டெபியன் நிறுவலில் ஆர்த்தாங்க் ஒரு தனிக் கோப்பை அல்ல, அந்த அடைவில் ஜேசன் என்று முடியும் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் படிக்கிறது. ஒரே அமைவுப் பெயர் இரண்டு கோப்புகளில் இருப்பதைக் கண்டதும், எதை ஏற்பது என்று ஊகிக்காமல், பிழை சொல்லி நின்றுவிடுகிறது. நகலை வேறு அடைவுக்கு நகர்த்துங்கள், அல்லது அதன் பின்னொட்டை 'பிஏகே' என்று மாற்றுங்கள். புதிதாகச் சேர்க்கும் வரியும் ஏற்கெனவே வேறு கோப்பில் இருக்கக்கூடும் என்பதால், சேர்க்கும்முன் 'கிரெப் -ஆர்' கட்டளையால் அந்த அடைவு முழுதும் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் கோப்புகளின் உரிமை. சேவை தொடங்காத பதற்றத்தில், முனையத்தில் சூடோவுடன் ஆர்த்தாங்கை நேரடியாக இயக்கிப் பார்ப்பது பலருடைய வழக்கம். அப்போது அது முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக இயங்கி, அட்டவணைக் கோப்புகளை ரூட் பெயரில் உருவாக்கிவிடும். பிறகு மூலப் பிழையைச் சரிசெய்தாலும், 'ஆர்த்தாங்க்' என்ற பயனரால் அக்கோப்புகளில் எழுத முடியாமல் சேவை மறுபடியும் வீழும். இதற்குத் தீர்வு, சேவையை நிறுத்திவிட்டு, 'சூடோ சௌன் -ஆர் ஆர்த்தாங்க்:ஆர்த்தாங்க் /வார்/லிப்/ஆர்த்தாங்க்' என்று உரிமையைத் திருப்பிக் கொடுப்பதே. இதில் '-ஆர்' என்பதன் எழுத்து மட்டும் பெரியது. கையால் இயக்கிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், 'சூடோ -யு ஆர்த்தாங்க் ஆர்த்தாங்க் --வெர்போஸ் /எட்சி/ஆர்த்தாங்க்' என்று சேவைக்குரிய பயனர் பெயரிலேயே இயக்குங்கள். இதில் முதலில் வருவது பயனர் பெயர், சிறிய எழுத்தில் தொடங்கும்; இரண்டாவதாக வருவது இயங்கு கோப்பின் பெயர், அதன் முதல் எழுத்து மட்டும் பெரியது.

அமைவு அடைவைக் குறிப்பிடாமல் இயக்குவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அப்படி இயக்கினால் ஆர்த்தாங்க் இயல்பு அமைவுகளுடன் தொடங்கி, நீங்கள் நிற்கும் அடைவிலேயே 'ஆர்த்தாங்க்ஸ்டோரேஜ்' என்ற புதிய அடைவை உருவாக்கிப் படங்களை அங்கே சேர்க்கும். நேற்று அனுப்பிய படங்களை இன்று காணவில்லை என்று கலங்குபவர், தம் பயனர் அடைவில் இப்பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

போர்ட் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருந்தால் லாக் அதைத் தெளிவாகவே சொல்லும். 'சூடோ எஸ்எஸ் -டிஎல்என்பி' கட்டளை எந்த நிரல் எந்தப் போர்ட்டை வைத்திருக்கிறது என்று காட்டும். பழைய பதிப்பின் தரவுத்தளத்தோடு புதிய பதிப்பைத் தொடங்கும்போது, தரவுத்தள வடிவம் பொருந்தவில்லை என்ற செய்தி வரலாம். அப்போது முதலில் அடைவு முழுவதையும் வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, '--அப்கிரேட்' விருப்பத்துடன் ஒருமுறை இயக்க வேண்டும். நகலெடுக்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இணைய முகப்பு திறக்கவில்லை என்றால்

சேவை நிறுவப்பட்ட கணினியிலேயே அமர்ந்து, 'கர்ல்' கட்டளையால் 'லோக்கல்ஹோஸ்ட்' முகவரியின் 8042 போர்ட்டில் 'சிஸ்டம்' என்ற பக்கத்தைக் கேளுங்கள். பதிப்பு எண்ணுடன் சில வரிகள் வந்தால் சேவை உயிருடன் இருக்கிறது. பயனர் பெயர், கடவுச்சொல் கேட்டு மறுத்தாலும் உயிருடன் இருக்கிறது என்றே பொருள். இணைப்பு உடனடியாக மறுக்கப்பட்டால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பதிலே வராமல் நெடுநேரம் காத்திருந்து கைவிட்டால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் பொட்டலங்களை விழுங்குகிறது. உடனடி மறுப்புக்கும் நீண்ட மௌனத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பழகிக்கொண்டால், வலையமைப்புக் கோளாறுகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அதே கணினியில் திறக்கும் பக்கம் அடுத்த கணினியில் மறுக்கப்படுவதற்கு வழக்கமான காரணம், 'ரிமோட்ஆக்சஸ்அலவ்ட்' என்ற அமைவு இயல்பாகவே 'ஃபால்ஸ்' என்று இருப்பது. அதை 'ட்ரூ' என்று மாற்றும் அதே நேரத்தில், 'ஆதென்டிகேஷன்எனேபிள்ட்' அமைவையும் 'ட்ரூ' ஆக்கி, 'ரெஜிஸ்டர்ட்யூசர்ஸ்' பகுதியில் வலுவான கடவுச்சொல்லுடன் பயனரைச் சேர்த்துவிடுங்கள். மென்பொருளின் பெயரையே பயனர் பெயராகவும் கடவுச்சொல்லாகவும் விட்டுவைத்த சேவையகம் பூட்டில்லாததற்குச் சமம். அமைவை ஆர்த்தாங்க் தொடங்கும்போது மட்டுமே படிக்கிறது என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஆர்த்தாங்க்' கட்டாயம்.

டைகாம் எதிரொலிச் சோதனை

இணைய முகப்பு திறந்தவுடன் நிறுவல் முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். ஸ்கேன் கருவி அந்தப் பக்கத்தை ஒருபோதும் பார்ப்பதில்லை. அது பேசுவது டைகாம் மொழியில், வேறு போர்ட்டில். அம்மொழியில் பேசிச் சோதிக்க, 'டிசிஎம்டிகே' என்னும் கருவித்தொகுப்பை ஏபிடி வழியாக நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு 'எக்கோஎஸ்சியூ -வி -ஏஇசி' என்று எழுதி, அதனைத் தொடர்ந்து பெரிய எழுத்துகளில் ஆர்த்தாங்க் என்ற பெயரையும், 127.0.0.1 என்ற முகவரியையும், 4242 என்ற எண்ணையும் தந்து இயக்குங்கள். வெற்றி என்ற சொல்லுடன் பதில் வந்தால், வலையமைப்பில் உள்ள வேறொரு லினக்ஸ் கணினியிலிருந்து, சேவையகத்தின் உண்மையான ஐபி முகவரியைக் கொடுத்து இதையே செய்யுங்கள்.

முதலாவது வென்று இரண்டாவது தோற்றால், கோளாறு ஆர்த்தாங்கில் இல்லை, வழியில் இருக்கிறது. பிங் போகிறதே என்று வாதிடுவதில் பயனில்லை. பிங் போவது கணினி இருப்பதைக் காட்டுமேயன்றி, 4242 திறந்திருப்பதைக் காட்டாது. 'என்சி -இசட்வி' கட்டளைதான் குறிப்பிட்ட போர்ட்டைத் தட்டிப் பார்க்கும். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வால் இயங்கினால், எல்லாருக்கும் திறந்துவிடாமல், ஸ்கேன் கருவியின் முகவரிக்கு மட்டும் திறப்பது முறை. கருவியின் முகவரி 192.168.10.21 என்றால், 'சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 192.168.10.21 டு எனி போர்ட் 4242 ப்ரோட்டோ டிசிபி' என்று கட்டளை அமையும்.

டாக்கரில் இயக்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூவின் விதிகளைக் கடந்து சென்றுவிடும். மூடியதாக நினைத்திருக்கும் வாயில் உண்மையில் திறந்திருக்கலாம். சாதாரண டைகாம் இணைப்பில் மறையாக்கமும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை என்பதால், இந்தப் போர்ட் பொது இணையத்தை எட்டும்படி விடுவது நோயாளிகளின் பெயரையும் பிறந்த தேதியையும் நோயையும் தெருவில் வைப்பதாகும். அடுத்து, தரவு அடைவைக் கொள்கலனுக்கு வெளியே இணைக்காமல் விட்டிருந்தால், கொள்கலனை நீக்கிப் புதிது தொடங்கிய நொடியில் எல்லாப் படங்களும் போய்விடும்.

சில பழைய கருவிகள் டைகாமின் மரபான 104 எண்ணையே எதிர்பார்க்கின்றன. லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. இதற்காகச் சேவையை ரூட்டாக இயக்க வேண்டாம். கருவியின் பக்கத்தில் எண்ணை மாற்ற முடிந்தால் அதுவே எளிது. முடியாதபோது, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் அலகுக் கோப்பில், 'கேப்_நெட்_பைண்ட்_சர்வீஸ்' என்ற (முழுவதும் பெரிய எழுத்துகளில்) ஒற்றை அனுமதியை மட்டும் வழங்கலாம்.

ஏஇ டைட்டில்: பெயர்கள் பொருந்தாதபோது

டைகாம் வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஏஇ டைட்டில் என்னும் பெயர் உண்டு. அதன் உச்ச நீளம் 16 எழுத்துகள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பல கருவிகள் கண்டிப்பாகப் பார்க்கும். ஒவ்வொரு தொடர்புக்கும் பெயர், ஐபி முகவரி, போர்ட் ஆகிய மூன்றும் இரு பக்கத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். ஆர்த்தாங்கில் இதற்குரிய இடம் 'டைகாம்மொடாலிட்டீஸ்' பகுதி.

இங்கேதான் புதியவர்களை ஏமாற்றும் ஒரு நிலை தோன்றுகிறது. ஆர்த்தாங்க் இயல்பாக, முன்பின் தெரியாத கருவியிலிருந்தும் எதிரொலிச் சோதனையையும் படச் சேமிப்பையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் தேடுவதற்கும் படத்தை மீட்பதற்கும் பதிவு செய்யப்பட்ட கருவிகளை மட்டுமே அனுமதிக்கிறது. ஆகவே எதிரொலி வெற்றி பெறும், படம் உள்ளே போகும், மருத்துவரின் கணினியிலிருந்து பட்டியலைக் கேட்டால் மட்டும் மறுக்கப்படும். 'டைகாம்ஆல்வேஸ்அலவ்ஃபைண்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் சிக்கல் மறைந்துவிடும் என்று அறிவுரை கிடைக்கக்கூடும். அது யார் வேண்டுமானாலும் நோயாளிப் பட்டியலைப் பார்க்க வழிவிடும் தீர்வு. கருவியை முறையாகப் பதிவு செய்வதற்கு ஒரே ஒரு வரிதான் கூடுதலாகத் தேவைப்படுகிறது, அதையே செய்யுங்கள்.

தேடல் வேலை செய்தும் படம் வந்து சேராத நிலை இன்னும் குழப்பமானது. சி-மூவ் எனப்படும் மீட்பு முறையின் இயக்கத்தைப் புரிந்துகொண்டால்தான் இது விளங்கும். மருத்துவரின் பணிநிலையத்தை 'வாசிப்பறை' என்ற பெயர் கொண்டதாக வைத்துக்கொள்வோம். அது சேவையகத்தை அழைத்து, இந்தச் சிடி படத்தொகுதியை வாசிப்பறைக்கு அனுப்பு என்று கேட்கிறது. சேவையகம் அதே இணைப்பில் படத்தைத் திருப்பித் தருவதில்லை. தன் அமைவில் வாசிப்பறை என்ற பெயருக்கு நேரே எந்த முகவரியும் போர்ட்டும் எழுதப்பட்டுள்ளதோ, அங்கே தானாகவே ஒரு புதிய இணைப்பைத் திறந்து படங்களை அனுப்புகிறது. எனவே அந்தப் பெயர் சேவையகத்தில் இல்லாவிட்டால், சேருமிடம் தெரியவில்லை என்று கோரிக்கை தோற்கும். பெயர் இருந்து முகவரி பழையதாக இருந்தால், படங்கள் யாரும் இல்லாத இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். முகவரியும் சரியாக இருந்து, பணிநிலையத்தின் விண்டோஸ் ஃபயர்வால் உள்வரும் இணைப்பைத் தடுத்தாலும் இதே விளைவுதான். சேவையகத்திலிருந்து பணிநிலையத்தை நோக்கி ஓர் எதிரொலிச் சோதனை செய்தால் இம்மூன்றில் எது என்று தெரிந்துவிடும். ஆர்த்தாங்கின் இணைய முகப்பிலேயே ஒவ்வொரு பதிவான கருவிக்கும் இச்சோதனையைச் செய்யலாம். டிஹெச்சிபி (முகவரியைத் தானாக ஒதுக்கும் முறை) வழியாக முகவரி பெறும் பணிநிலையம், மின்வெட்டுக்குப் பின் புதிய எண்ணுடன் எழுந்து படங்களை இழக்கும் என்பதால், டைகாம் பேசும் எல்லாக் கணினிகளுக்கும் நிலையான முகவரி வழங்கிவிட வேண்டும்.

படம் வருகிறது, ஆனால் முழுமையாக இல்லை

முதலில் எண்ணிப் பாருங்கள். ஸ்கேன் கருவியின் திரையில் இத்தொகுதியில் 412 படங்கள் என்றிருந்தால், ஆர்த்தாங்கிலும் 412 இருக்க வேண்டும். குறைந்தால், அனுப்பிய நேரத்தில் லாக் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

வட்டு நிறைந்திருப்பது எளிய காரணம். ஒரு சிடி வெட்டுப்படம் 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட் என்ற கணக்கில் சுமார் அரை எம்பி. ஆயிரம் வெட்டுகள் கொண்ட ஒரே பரிசோதனை 500 எம்பியைத் தொடும். 'டிஎஃப் -ஹெச்' கட்டளையுடன் 'டிஎஃப் -ஐ' கட்டளையையும் இயக்குங்கள். ஒவ்வொரு படமும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படுவதால், இடம் மிச்சமிருந்தும் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவிடம்) எண்ணிக்கை தீர்ந்துபோகும் வாய்ப்பு உண்டு.

இதற்கு நேர்மாறான நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. வட்டு நிறைந்துவிடக் கூடாது என்று 'மேக்சிமம்ஸ்டோரேஜ்சைஸ்' அமைவில் ஓர் எல்லையை எழுதி வைக்கிறார்கள். அந்த எல்லையை எட்டியதும், இயல்பு அமைவில் ஆர்த்தாங்க் புதிய படத்தை மறுப்பதில்லை. மிகப் பழைய நோயாளியின் படங்களை அழித்துவிட்டு இடம் கொடுக்கிறது. படங்களைத் தற்காலிகமாக மட்டும் வைத்திருக்கும் ஓர் இடைநிலைச் சேவையகத்துக்கு இது பொருத்தமான நடத்தை. நிரந்தரக் காப்பகத்துக்கோ இது பேரிழப்பு. காப்பகமாகப் பயன்படுத்துவோர் இந்த அமைவையும் 'மேக்சிமம்பேஷன்ட்கவுன்ட்' அமைவையும் சுழியமாகவே விட்டுவிட்டு, வட்டின் அளவைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும்.

நோயாளியின் பெயரைத் திருத்தி மறுபடி அனுப்பியும் பழைய பெயரே தெரிகிறது என்பது இன்னொரு வழக்கமான புகார். படத்தின் அடையாள எண் மாறாதவரை, ஆர்த்தாங்க் அதை ஏற்கெனவே வைத்திருக்கும் படமாகவே கருதி, இயல்பு அமைவில் பழையதையே வைத்துக்கொள்ளும். 'ஓவர்ரைட்இன்ஸ்டன்சஸ்' என்ற அமைவு இதைத் தீர்மானிக்கிறது. மாற்றும்முன், உங்கள் இடத்தில் எது பாதுகாப்பானது என்று ரேடியாலஜி பிரிவினரிடம் பேசி முடிவெடுங்கள்.

சேமிப்பு உறுதிப்படுத்தல் என்னும் வசதியைக் கேட்கும் கருவிகள், சேவையகம் உறுதி சொன்னபின்பே தம் வட்டிலிருந்து படத்தை நீக்கும். ஆர்த்தாங்க் 1.6.0 பதிப்பிலிருந்து இதற்குப் பதில் தருகிறது. அந்தப் பதிலைச் சேவையகம் தனி இணைப்பாகவே அனுப்பக்கூடும் என்பதால், சி-மூவுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்: கருவியின் முகவரியும் கேட்கும் போர்ட்டும் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

மறுதொடக்கத்துக்குப் பின் எல்லாம் மறைந்துவிட்டால்

படங்களுக்காகத் தனி வட்டை இணைத்து, அதில் சேமிப்பு அடைவை வைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் கணினி தொடங்கும்போது அந்த வட்டு ஏற்றப்படும்முன் ஆர்த்தாங்க் தொடங்கிவிட்டால், வட்டு ஏற வேண்டிய வெற்று அடைவில் புதிய காலித் தரவுத்தளத்தை உருவாக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் இயங்கும். திரையில் நோயாளி எவரும் இருக்க மாட்டார். இந்த நிலையில் பதறி எதையும் அழிக்க வேண்டாம். சேவையை நிறுத்தி, 'ஃபைண்ட்மவுண்ட்' கட்டளையால் வட்டு ஏறியுள்ளதா என்று பார்த்து, ஏற்றியபின் மீண்டும் தொடங்கினால் பழையவை திரும்பத் தெரியும். இடைப்பட்ட நேரத்தில் வந்த படங்கள் மட்டும் அந்த வெற்று அடைவில், வட்டின் அடியில் மறைந்திருக்கும். வட்டை இறக்கிவிட்டு அவற்றை எடுத்து, 'ஸ்டோர்எஸ்சியூ' கட்டளையால் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம். இது மீண்டும் நிகழாதிருக்க, 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆர்த்தாங்க்' என்று திறந்து, 'யூனிட்' பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' என்ற வரியைச் சேமிப்பு அடைவின் முழுப் பாதையுடன் எழுதுங்கள். வட்டு ஏறாமல் சேவை தொடங்காது.

வலையமைப்பு வட்டில் படங்களை வைக்கலாம். எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளக் கோப்பாக உள்ள அட்டவணையை அங்கே வைக்க வேண்டாம். பூட்டுதல் சரிவர நடக்காமல் தரவுத்தளம் கெடும் அபாயம் உண்டு. 'இண்டெக்ஸ்டைரக்டரி' அமைவால் அட்டவணையைக் கணினியின் சொந்த வட்டுக்குப் பிரித்துவிடுங்கள். காப்புநகல் எடுக்கும்போது சேவையை நிறுத்தி, அட்டவணை, படங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்

நோயாளியின் பெயரைத் தமிழில் பதியும் இடங்களில் மட்டும் வரும் சிக்கல் இது. டைகாம் கோப்பின் 0008,0005 என்ற புலம், பெயர் எந்த எழுத்துமுறையில் உள்ளது என்று சொல்கிறது. தமிழுக்கு அங்கே 'ஐஎஸ்ஓ_ஐஆர் 192' என்று இருக்க வேண்டும். யூடிஎஃப்-8 என்பதன் டைகாம் பெயர் அது. 'டிசிஎம்டம்ப்' கட்டளையால் கோப்பைத் திறந்து இப்புலத்தைப் பாருங்கள். புலம் சரியாக இருந்து, பட்டியல் கேட்கும்போது மட்டும் பெயர் சிதைந்தால், ஆர்த்தாங்கின் 'டீஃபால்ட்என்கோடிங்' அமைவு இயல்பான 'லத்தீன்1' என்பதிலேயே நிற்கிறது என்று பொருள். அதை 'யூடிஎஃப்8' ஆக்குங்கள். கோப்பிலேயே பெயர் கேள்விக்குறிகளாக எழுதப்பட்டிருந்தால், ஸ்கேன் கருவி தமிழை ஏற்கவில்லை, சேவையகத்தால் அதை மீட்க முடியாது. அக்கருவிக்கு ஆங்கில எழுத்தில் பெயரைத் தந்து, நோயாளி எண்ணைக் கொண்டு பொருத்துவதே வழி.

பிறரிடம் உதவி கேட்கும்முன்

இவ்வளவுக்குப் பின்னும் கோளாறு நீடித்தால், '--வெர்போஸ்' விருப்பத்துடன் சேவையை இயக்கி, தோல்வியை ஒரே ஒருமுறை நிகழ்த்துங்கள். அந்த ஒரு நிகழ்வின் லாக் வரிகள், ஆர்த்தாங்கின் பதிப்பு எண், லினக்ஸ் வழங்கலின் பெயர், இரு பக்கத்தின் ஏஇ டைட்டில், முகவரி, போர்ட் ஆகியவை இருந்தால், அறிந்தவர் எவரும் விரைவில் காரணத்தைச் சொல்லிவிடுவார். விரிவான லாக்கில் நோயாளியின் பெயரும் எண்ணும் இடம்பெறக்கூடும் என்பதால், அனுப்பும்முன் வரி வரியாகப் படித்து அவற்றை நீக்குங்கள். கோளாறு தீர்ந்ததும் விரிவான லாக்கை நிறுத்திவிடுங்கள், இல்லையெனில் அதுவே வட்டை நிறைக்கும். கணினியை ஒருமுறை முழுமையாக மறுதொடக்கம் செய்து, சோதனைத் தொகுதி ஒன்றை ஸ்கேன் அறையிலிருந்து அனுப்பி, பணிநிலையத்தில் மீட்டுத் திறந்து, படங்களின் எண்ணிக்கை பொருந்துவதைக் கண்டபின்பே, கருவியின் வட்டிலிருந்து பழைய படங்களை நீக்க டெக்னீஷியனுக்குச் சொல்லுங்கள்.